கிளே தாம்சன் திரும்பி வரட்டும், ஆனால் கரி உட்காரும்போது ஆடட்டும்

வணக்கம் மக்களே. இன்று காற்று கொஞ்சம் அதிகம், மைக்கில் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் அம்மா சீரியலை முழு சத்தத்தில் வைத்திருக்கிறார், அதனால் புளோக்குக்குக் கீழே வந்து உட்கார்ந்து பேசுகிறேன். நேராக விஷயத்துக்கு வருவோம். 2024இல் டல்லாஸுக்குப் போய்விட்ட கிளே தாம்சனை, அவருடைய பழைய என்பிஏ கூடைப்பந்து அணியான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் திரும்ப எடுக்கலாமா, வேண்டாமா?

எடுக்கலாம். ஆனால் எடுக்கச் சொல்கிற ரசிகர்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. அவர்கள் மனதில் ஓடுவது பழைய படம்: ஸ்டீஃபன் கரி ஒரு பக்கம், கிளே மறுபக்கம், ட்ரேமண்ட் கிரீன் நடுவில் நின்று பந்தைக் கொடுக்க, இரண்டு பேரும் மாறி மாறி த்ரீ, அதாவது தூரத்திலிருந்து மூன்று புள்ளி ஷாட், போட, எதிரணி கோச் டைம்அவுட் கேட்டுக் கை தூக்குவது. அதை ஆசைப்பட்டு அவரை எடுத்தால் அது தப்பான முடிவு.

ஏன் என்று சொல்கிறேன். கரி, கிளே ஜோடிக்குச் செல்லப்பெயர் ஸ்பிளாஷ் பிரதர்ஸ், அந்தப் பெயரைக் கேட்டால் எல்லோருக்கும் ஷூட்டிங்தான் ஞாபகம். 2015 ஜனவரியில் சாக்ரமெண்டோவுக்கு எதிராக கிளே ஒரே குவாட்டரில் 37 புள்ளி, போட்ட 13 ஷாட்டும் உள்ளே, அதில் 9 த்ரீ. இங்கே அப்போது சனிக்கிழமை மதிய நேரம், சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டேன். அப்புறம் 2016 டிசம்பரில் இண்டியானாவுக்கு எதிராக 29 நிமிடத்தில் 60 புள்ளி, அந்த ஆட்டம் முழுவதும் அவர் பந்தைத் தரையில் தட்டியது வெறும் 11 தடவை. இதெல்லாம் சரி. ஆனால் அந்த அணி ஓடியதன் பாதி ரகசியம் மறுபக்கத்தில் இருந்தது. எதிரணியில் பந்தைக் கொண்டுவரும் வேகமான பாயிண்ட் கார்டை கிளேதான் மறிப்பார், கரி சுலபமான ஆளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். அந்த ஓய்வு இருந்ததால்தான் கரி நாலாவது குவாட்டரிலும் அப்படி ஓட முடிந்தது.

அந்த கிளே இப்போது இல்லை. 2019 ஃபைனல்ஸ் ஆறாவது ஆட்டத்தில் இடது முழங்காலில் ஏசிஎல் தசைநார் கிழிந்தது, அது ஆறி வரும் நேரத்தில் 2020 நவம்பரில் வலது காலில் அக்கிலிஸ், குதிகால் தசைநார், கிழிந்தது. இரண்டு காலும் மாறி மாறி அடி வாங்கி, 2022 ஜனவரியில் திரும்பி வந்து, அந்த வருடமே நாலாவது சாம்பியன்ஷிப்பும் வாங்கினார் என்றால் அதற்கு மேல் அந்த மனிதரிடம் என்ன கேட்பது? ஷூட்டிங்கும் எங்கேயும் போகவில்லை, 2022-23இல் லீக்கிலேயே அதிகமாக 301 த்ரீ போட்டவர் அவர்தான். பக்கவாட்டில் நகர்கிற கால்தான் போய்விட்டது. கரி 1988இல் பிறந்தவர், கிளேவும் ட்ரேமண்டும் 1990. இந்த வயதில் கரியையும் கிளேவையும் ஒன்றாக நிறுத்தினால் எதிரணிக்கு யோசிக்கவே வேலை இல்லை, ஓர் ஆளைக் குறுக்கே நிறுத்தி, ஸ்கிரீன் வைத்து, தங்கள் வேகமான ஆளை மறிக்க இவரை இழுப்பார்கள், இல்லாவிட்டால் அவரை இழுப்பார்கள்.

அப்புறம் எதற்கு எடுக்கச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். கரி உட்காரும் நேரத்துக்காக.

வாரியர்ஸ் ஆட்டத்தைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு அந்த நிமிடங்களின் வேதனை தெரியும். கரி பெஞ்சுக்குப் போனதும் எதிரணி ஐந்து பேரும் கூடைக்குக் கிட்டே இறங்கிவிடுவார்கள், ட்ரேமண்ட் பந்தை வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்று தேடுவார், ஷாட் போட வேண்டிய நேரம், ஷாட் கிளாக், ஓடும். அங்கே கிளே சும்மா ஓரத்தில் நின்றாலே ஓர் ஆள் அவரை விட்டு நகர முடியாது. 2024-25இல் டல்லாஸுக்காக ஆடி த்ரீயில் 39.1 சதவீதம், ஆட்டத்துக்கு 14 புள்ளி. அவர் ஷாட்டை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: பந்து கைக்கு வரும் முன்பே இரண்டு பாதமும் கூடையைப் பார்த்துத் திரும்பியிருக்கும், பிடித்த பிறகு பந்து நெஞ்சுக்குக் கீழே இறங்காது, நேராக மேலே. மறிக்கிறவர் கை தூக்குவதற்குள் முடிந்துவிடும். இதற்கு வேகமான கால் தேவையில்லை.

இதோ, நான் உட்கார்ந்திருக்கிற இடத்தில் இருக்கும் இந்தக் கோர்ட்டிலேயே ஓர் அங்கிள் விளையாட வருவார், முழங்காலில் பட்டை கட்டியிருப்பார், டிஃபென்ஸுக்குத் திரும்பி ஓடவே மாட்டார், திட்டினால் சிரிப்பார். ஆனால் மூலையில் நின்று போட்டால் விழும். அதனால் பாலிடெக்னிக் படிக்கிற பையன்கள் கூட அவரை விட்டு ஒரு அடி நகர்வதில்லை, அவருடைய அணிக்கு நடுவில் எப்போதும் இடம் கிடைக்கும். பந்தே வராத நேரத்திலும் அவர் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

சரி, கிளே பெஞ்சிலிருந்து வர ஒத்துக்கொள்வாரா? ஒரு காலத்தில் இது பெரிய கேள்வி. 2024 பிப்ரவரியில் வாரியர்ஸ் கோச்சாக இருந்த ஸ்டீவ் கெர் அவரை உட்காரவைத்து அவர் இடத்தில் புதுமுகம் பொட்ஜெம்ஸ்கியை இறக்கினார், தன் புதுமுக வருடத்துக்குப் பிறகு கிளே பெஞ்சிலிருந்து வந்தது அதுதான் முதல் முறை. யூட்டாவில் ஆட்டம், இங்கே வெள்ளிக்கிழமை காலை, நான் ஆபீஸில் ஃபோனை மானிட்டருக்குப் பின்னால் சாய்த்து வைத்து, அந்தப் பக்கம் மேலாளர் வந்தால் ஒரு விரலால் கவிழ்த்துவிடத் தயாராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று நினைத்தால், மனிதர் 35 புள்ளி போட்டார். டல்லாஸிலும் பிறகு பெஞ்சிலிருந்து வந்து ஆடியிருக்கிறார். ஆக அந்தச் சந்தேகம் எனக்கு இல்லை.

எனக்கு இருக்கிற சந்தேகம் வேறு. அவர் போன விதம். வாரியர்ஸ் சட்டையில் கடைசி ஆட்டம் 2024 ஏப்ரல், சாக்ரமெண்டோவில் ப்ளே-இன், அதாவது பிளேஆஃப்புக்குள் நுழைவதற்கான ஆட்டம், 10 ஷாட் போட்டு ஒன்றுகூட விழவில்லை, பூஜ்யம் புள்ளி. அதே சாக்ரமெண்டோ, பாருங்கள். ஜூலையில் டல்லாஸுக்கு மூன்று வருடம், 50 மில்லியன் டாலர் ஒப்பந்தம். பிரிந்து போனதில் மனக்கசப்பு இல்லை என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிரணியாக வந்தபோது, அவருக்குப் படகு பிடிக்கும் என்பதால் அரங்க ஊழியர்கள் எல்லோரும் கேப்டன் தொப்பி போட்டு வரவேற்றார்கள், ரசிகர்கள் எழுந்து நின்றார்கள். அவர் ஆறு த்ரீ போட்டு 22 புள்ளி எடுத்தார், கரி 37 எடுத்து ஆட்டத்தை வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு அழுதவர்கள் கை தூக்குங்கள். நான் தூக்கமாட்டேன், ஆபீஸில் இருந்தேன்.

இப்போது காசு. இங்கேதான் பலரும் கனவு காண்கிறார்கள். அவருடைய ஒப்பந்தம் 2026-27 வரை, வருடத்துக்குச் சுமார் 16, 17 மில்லியன். டிரேடில், அதாவது ஆளுக்கு ஆள் மாற்றி, எடுக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட அந்தச் சம்பளத்துக்கு வாரியர்ஸிலிருந்து ஆள் அனுப்ப வேண்டும். மோசஸ் மூடி மாதிரி ஒரு பையனை, அதுவும் டிஃபென்ஸ் தெரிந்த பையனை, அனுப்பிவிட்டு கிளேவை வாங்குவதா? பேச்சுக்கே இடமில்லை.

சரி, டல்லாஸ் சீசன் நடுவில் அவரோடு பேசி ஒப்பந்தத்திலிருந்து விடுவித்துவிட்டால் சும்மா வந்துவிடுவாரே என்பார்கள். அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. லீக் விதிப்படி, சம்பளக் கணக்கில் முதல் ஏப்ரன் என்கிற கோட்டுக்கு மேலே இருக்கும் அணி, சீசன் நடுவில் விடுவிக்கப்பட்ட ஆளின் பழைய சம்பளம் மிட்-லெவல் என்று லீக் வருடாவருடம் வைக்கிற தொகைக்கு அதிகமாக இருந்தால் அவரைத் தொடவே முடியாது. 2025-26இல் அந்தத் தொகை சுமார் 14 மில்லியன். கிளே அதைத் தாண்டியவர். வாரியர்ஸ் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் மட்டும்தான் அந்த வழி திறக்கும், அவர்கள் செலவு செய்கிற பழக்கத்துக்கு அது எப்போதும் உறுதி இல்லை.

அதனால் என் கணக்கில் சுத்தமான வழி, ஒப்பந்தம் முடிந்து மினிமம் சம்பளத்துக்கு வருவது. பத்து வருடத்துக்கு மேல் ஆடியவருக்கு மினிமம் என்றால் 2025-26 கணக்கில் சுமார் 3.6 மில்லியன், ஒரு வருட ஒப்பந்தமாக இருந்தால் அதில் ஒரு பகுதியை லீக்கே கொடுக்கும், அணியின் கணக்கில் ஏறுவது 2.3 மில்லியன்தான். கிளேவோடு வாரியர்ஸில் ஆடிய இகுவடாலா ஞாபகம் இருக்கிறதா? 2019இல் அனுப்பினார்கள், மயாமி வரை போய்விட்டு 2021இல் மினிமம் சம்பளத்துக்குத் திரும்பி வந்தார், அந்த சீசனில் 31 ஆட்டம்தான் ஆடினார், சாம்பியன் மோதிரமும் கிடைத்தது, பிறகு இனி யாரும் போடக்கூடாது என்று அவருடைய 9ஆம் எண் சட்டையை அரங்கில் மேலே ஏற்றினார்கள். கிளேவின் 11ஐயும் ஏற்றுவோம் என்று முதலாளி லேகப் அவர் போன அன்றே சொல்லிவிட்டார், அந்த மரியாதை திரும்ப வந்தாலும் வராவிட்டாலும் உண்டு. அதையும் ஒப்பந்தப் பேச்சையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது, மறைக்கமாட்டேன். கரியின் ஒப்பந்தம் 2024இல் நீட்டித்தபோது அதுவும் 2026-27 வரைதான் போட்டார்கள். கிளே வெளியே வரும் அதே கோடையில் கரி என்ன செய்யப் போகிறார் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். கரி இல்லாத வாரியர்ஸுக்கு கிளே எதற்கு? அங்கே இளம் பையன்களுக்கு நிமிடம் கொடுங்கள்.

கரி இருந்தால், ஒரு வருடம், மினிமம், ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம், பெரும்பாலும் கரி உட்காரும் நேரத்தில். இதை வாரியர்ஸ் ஜெனரல் மேனேஜர் டன்லீவி முதல் ஃபோனிலேயே கிளேவிடம் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு மில்லியன் கேட்டாலும், பழைய வீடியோவை எல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒரு கும்பிடு போட்டு ஃபோனை வைத்துவிட வேண்டும்.