கொன்னாச்சு, ஆனா லிஸ்ட்ல இன்னும் இருக்கு: யுரேகா சர்வருக்குள்ள என்ன நடக்குது?

வணக்கம் மக்களே. ஃபேன் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, நிறுத்தினா இங்க வெந்துடுவேன்.

ஸ்கிரீனைப் பாருங்க. இது யுரேகா சர்வர், எந்த சர்வீஸ் எந்த அட்ரஸ்ல ஓடுதுன்னு லிஸ்ட் வெச்சிருக்கற இடம், போர்ட் 8761. பேமென்ட் சர்வீஸ் ரெண்டு இன்ஸ்டன்ஸ், அதாவது ரெண்டு காப்பி, ஓடுது, ரெண்டும் 'அப்'. இதுல ஒண்ணுக்கு கில் மைனஸ் 9, அதாவது சொல்லாம கொள்ளாம கொல்ற கமாண்ட், போடறேன்... முடிஞ்சுது. ஸ்டாப்வாட்ச் ஓடுது. பேஜை ரெஃப்ரெஷ் பண்றேன். ரெண்டும் அப்! செத்தவங்க பேர் வோட்டர் லிஸ்ட்ல கிடக்கற மாதிரி.

அந்தப் பேர் லிஸ்ட்லேர்ந்து போறதுக்குள்ள ஒரு பழைய கதை. 2000-ல ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், அரிபா மூணு பேரும் சேர்ந்து யுடிடிஐ-னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. வெப் சர்வீஸ் எல்லாத்துக்கும் ஒரு டெலிஃபோன் டைரக்டரி. கம்பெனி, அதுக்குக் கீழ சர்வீஸ், அதுக்குக் கீழ அட்ரஸ்னு டேட்டா மாடல் அழகாத்தான் இருந்தது. ஆனா பதிஞ்ச சர்வீஸ் உயிரோட இருக்கான்னு பாக்க, 'நான் இருக்கேன்'னு அப்பப்ப சொல்ற ஹார்ட்பீட் எதுவும் கிடையாது. பதிஞ்சவங்களே வந்து அழிச்சாத்தான் உண்டு. அந்தப் பொது ரெஜிஸ்ட்ரியை 2006 ஜனவரில மூடிட்டாங்க.

நெட்ஃபிளிக்ஸ் 2012-ல ஓப்பன் சோர்ஸா விட்ட யுரேகா வேற மாதிரி. டேட்டாபேஸே கிடையாது, எல்லாம் மெமரில ஒரு ஹாஷ்மேப். சர்வீஸ் பேரைக் கொடுத்தா இன்ஸ்டன்ஸ் லிஸ்ட் வரும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு லீஸ். வாடகை வீடுதான். 30 செகண்டுக்கு ஒரு தடவை ஹார்ட்பீட் அனுப்பிப் புதுப்பிக்கணும். 90 செகண்ட் சத்தமே இல்லன்னா காலி.

90 தானே? ஸ்டாப்வாட்ச் ரெண்டு நிமிஷத்தைத் தாண்டிடுச்சே!

யுரேகா கோடுல இருக்கற லீஸ் கிளாஸைத் திறக்கறேன், இந்த வரியைப் பாருங்க. புதுப்பிக்கும்போதே இப்போதைய நேரத்தோட 90-ஐக் கூட்டி வெச்சிடுது. காலாவதி ஆச்சான்னு பாக்கறப்ப மறுபடி ஒரு 90. ஆக 180! எழுதினவங்களே கமென்ட்ல இது பக்-தான்னு ஒத்துக்கிட்டு, திருத்தினா ஏற்கெனவே ஓடறதெல்லாம் பாதிக்கலாம், அதனால தொட மாட்டோம்னு போட்டிருக்காங்க. எனக்கு அந்த நேர்மை ரொம்பப் பிடிக்கும். அதுக்கு மேல, காலாவதி ஆனதை லிஸ்ட்லேர்ந்து துடைச்சுத் தள்றது 60 செகண்டுக்கு ஒரு தடவைதான்.

இன்னொண்ணு, செல்ஃப் பிரிசர்வேஷன். எதிர்பார்த்த ஹார்ட்பீட் 85 சதவீதத்துக்குக் கீழ இறங்கினா, சர்வீஸ் சாகல, நெட்வொர்க்தான் போச்சுன்னு நினைச்சு யாரையும் அழிக்காது. ரெண்டே இன்ஸ்டன்ஸ் வெச்சு லேப்டாப்ல விளையாடறப்ப இது இடிக்கும், அதனால ஆஃப் பண்ணிருக்கேன்.

ஆ, லிஸ்ட்லேர்ந்து போச்சு! 3 நிமிஷம் 12 செகண்ட்.

ஆனா இந்த டெர்மினலைப் பாருங்க. பேமென்ட்டைக் கூப்பிடற ஆர்டர் சர்வீஸ் இன்னும் செத்த போர்ட்டையே தட்டிட்டு இருக்கு. சர்வர் தர்ற பதில் ஒரு கேஷ்லேர்ந்து, அதாவது முன்னாடியே எடுத்து வெச்ச காப்பிலேர்ந்து, வருது, அது புதுசாக 30 செகண்ட் வரைக்கும் ஆகலாம். கிளையன்ட், அதாவது ஆர்டர் சர்வீஸ், தன்கிட்ட இருக்கற காப்பியை மாத்த இன்னொரு 30. இதோ... எரர் நின்னுடுச்சு.

சரி, மிச்சம் இருக்கறதுக்கு மைனஸ் 9 வேண்டாம், மைனஸ் 15, அதாவது 'முடிச்சிட்டுக் கிளம்பு'ன்னு சொல்றது, போடறேன். போறப்ப அதுவே டீரெஜிஸ்டர் பண்ணி, லிஸ்ட்லேர்ந்து தன் பேரை எடுத்துட்டுப் போகும். ரெஃப்ரெஷ்... பாத்தீங்களா, உடனே காணோம்.