செபுவில் ஸ்பெயின் காலூன்றியது பீரங்கியாலா, தாத்துக்களின் இணக்கத்தாலா?

நடுவர் அவர்களே, அவையோர்களே, வணக்கம். பிலிப்பைன்ஸின் செபுத் தீவில் ஸ்பெயின் காலூன்றியது பீரங்கியால்தான் என்று எதிரணித் தோழர் பேசிவிட்டுப் போனார். தாத்துக்கள் என்ற உள்ளூர்த் தலைவர்களின் இணக்கத்தால்தான் என்பது என் கட்சி. நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1521 ஏப்ரல் 27, செபுவை ஒட்டிய மக்தான் தீவின் கரை. ஸ்பெயினுக்காகக் கப்பல்களோடு வந்த மகெல்லனிடம் பீரங்கி இருந்தது. ஆனால் கரையோரம் பவளப்பாறை, ஆழமில்லாத தண்ணீர். படகுகள் எட்டத்திலேயே நின்றுவிட்டன. 49 பேர் தொடையளவு நீரில் இறங்கி நடந்தார்கள். படகில் இருந்த பீரங்கிக்குக் கரை எட்டவில்லை. துப்பாக்கிக்காரர்கள் தூரத்திலிருந்தே அரை மணி நேரம் சுட்டு மருந்தைத் தீர்த்தார்கள். மக்தான் தலைவர் லாப்பு-லாப்புவின் ஆட்கள் கவசம் இல்லாத கால்களைப் பார்த்து எறிந்தார்கள்; மகெல்லன் அங்கேயே மாண்டார். இதையெல்லாம் எழுதிவைத்தவர் மகெல்லனோடு வந்து களத்தில் நின்ற பிகாஃபெட்டா. மகெல்லனின் கூட்டாளியான செபுவின் தலைவர் உமாபோன் தன் ஆட்களோடு படகில் இருந்தார். வேடிக்கை மட்டும் பாருங்கள் என்று சொல்லியிருந்தவர் மகெல்லனேதான்!

நான்கே நாளில் அதே உமாபோன் விருந்துக்கு அழைத்தார். போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. கப்பலில் பீரங்கிகள் அப்படியேதான் இருந்தன. ஆனாலும் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்; மூன்று கப்பலை ஓட்ட ஆளில்லாமல் ஒன்றைத் தாங்களே கொளுத்தினார்கள். உள்ளூர்த் தலைவன் கைவிட்டால் பீரங்கி வெறும் இரும்பு, ஐயா.

"1565-இல் ஸ்பெயினின் படைத்தலைவர் லேகாஸ்பி சுட்டுத்தானே செபுவைப் பிடித்தார்?" என்று கேட்டார் தோழர். சுட்டார், மறுக்கவில்லை. கையில் கிடைத்தது என்ன? எரிந்த வீடுகள், ஆளில்லாத ஊர். சனங்கள் மலைக்கு ஏறிவிட்டார்கள். குண்டு போட்டால் ஊர் காலியாகும், நெல் விளையுமா? சோற்றுக்கு வழியில்லாமல், செபுவின் தாத்து துபாஸை வரவழைத்து ஜூன் மாதம் உடன்படிக்கை செய்தார். பகைவன் வந்தால் ஒருவருக்கொருவர் துணை, கொள்ளைப் பொருளில் பங்கு என்று பேசினார்கள். அப்படியும் பசி தீரவில்லை, போர்த்துகீசியரின் தொல்லை வேறு. 1569-இல் நெல் கிடைக்கும் பனாய் தீவுக்கு மாறினார்.

பிறகு வந்ததுதான் உண்மையான பிடி. பாராங்காய் என்பது 30 முதல் 100 வீடுகள் கொண்ட சிறு சமூகம். அதன் தலைவர் தாத்து. அவரையே "கபேசா" ஆக்கி வரி வசூலிக்க வைத்தார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 8 ரியால் என்ற ஸ்பானிய நாணயம். நெல்லாகவோ துணியாகவோ தங்கமாகவோ கொடுக்கலாம். கொடுக்கலாம் என்பது பேச்சுக்கு. எது பஞ்சமோ அதையே கேட்டு வாங்கிய, வரி உரிமை பெற்ற ஸ்பானியர்கள் உண்டு. எந்த வீட்டில் கலியாணம் ஆயிற்று, யார் செத்தார், யார் காட்டுக்குள் ஒளிந்தார் என்பதெல்லாம் மணிலாவில் இருக்கும் ஸ்பானியனுக்குத் தெரியுமா? கபேசாவுக்குத் தெரியும். அவருக்கு வரியும் இல்லை, ஆண்டுக்கு 40 நாள் கட்டாய வேலையும் இல்லை. வசூல் குறைந்தால் மட்டும் அவர் தலையில் விழும். பிடி எங்கே இருக்கிறது பாருங்கள்!

இணக்கம் என்றால் அன்பு என்று நான் சொல்லவில்லை. 1565-இல் லிமசாவா தீவில் லேகாஸ்பியை வரவேற்ற தாத்து பங்காவ், முதுமையில், 1621 வாக்கில், லெய்தே தீவில் கலகக் கொடி பிடித்தார். ஏறக்குறைய அதே காலத்தில் பொஹோல் தீவில் தம்ப்லோத் என்ற பூசாரி கலகம் செய்து எழுந்தார். அவரை அடக்கச் செபுவிலிருந்து புறப்பட்ட படையில் ஸ்பானியர் 50 பேர், உள்ளூர்க்காரர் ஆயிரத்துக்கும் மேல். அந்த ஆயிரம் பேரைத் திரட்டிக் கொடுத்தது எந்தப் பீரங்கி என்று எதிரணி சொல்லட்டும். நன்றி, வணக்கம்.