பட்டாளத்துக்காரன் கதைக்கு அரங்கம் எதற்கு?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தக்கலையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து இந்தப் பள்ளி மைதானத்துக்கு வந்து, இரவு பத்து மணி தாண்டியும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

போரில் படைவீரர் பட்டதைச் சொல்லும் இன்றைய ஓபராவை முறையான அரங்கத்தில் நடத்துவது சிறப்பா, அரங்குக்கு வெளியே நடத்துவது சிறப்பா என்பது தலைப்பு. வெளியே நடத்துவதுதான் சிறப்பு என்று பேச வந்திருக்கிறேன். ஓபரா என்பது பேச்சைக் குறைத்து, கதை முழுவதையும் பாட்டாலும் வாத்தியத்தாலும் நகர்த்திச் செல்லும் மேலைநாட்டு இசை நாடகம் என்று எனக்கு முன் பேசியவர்கள் விளக்கிவிட்டதால், நான் நேரே வழக்குக்கு வருகிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு வலுவான வாதத்தை வைத்தார். ஓபரா பாடகர் வழக்கமாக ஒலிபெருக்கி இல்லாமல் பாடுகிறவர். அவர் குரல் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பிக் கேட்பவரை வந்து சேர வேண்டும். வெட்டவெளியில் பாடினால் ஆரல்வாய்மொழிக் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும் என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தகரக் கொட்டகைக்குக் கீழே, மைக்கைப் பிடித்துக்கொண்டு, அரங்கத்தின் அருமையை அவர் இவ்வளவு தெளிவாக எடுத்துச் சொன்னதற்கு நானும் கைதட்டினேன்.

ஆனாலும் அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் படையில் சீருடை அணிந்திருந்த ஆல்பன் பெர்க், மேலதிகாரிகளால் நசுக்கப்படும் ஓர் ஏழைச் சிப்பாயின் கதையை ‘வோட்ஸெக்’ என்ற ஓபராவாக எழுதினார். அது 1925 டிசம்பரில் பெர்லின் அரசு ஓபரா மாளிகையில் அரங்கேறியது. அதற்குப் பெரிய வாத்தியக் குழு வேண்டும், அந்தக் குழு உட்காரப் பள்ளமும் வேண்டும். அதை மாளிகைக்கே விட்டுவிடுவோம், எனக்கு வழக்கில்லை. ஆனால் சிப்பாய் கதை என்றாலே பெரிய மாளிகைதான் என்று பெர்க்கைக் காட்டி முடிவு கட்டிவிட முடியாது, ஏனென்றால் அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு வழி திறந்திருந்தது. 1918-ல், போர் இன்னும் ஓயாத நேரத்தில், பெரிய குழுக்களுக்குப் பணமும் இல்லை, ஆளும் இல்லை என்ற நிலையில், ஸ்விட்சர்லாந்தில் தங்கியிருந்த ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி ஏழே வாத்தியங்களுக்கு ‘ஒரு சிப்பாயின் கதை’யை அமைத்தார். விடுப்பில் வீடு திரும்பும் சிப்பாய் ஒருவன் தன் வயலினைச் சாத்தானிடம் பறிகொடுக்கும் கதை அது. அதில் நடிப்பும் கதை சொல்வதும் ஆட்டமும்தான் உண்டு, பாடகர் கிடையாது. ஆகவே இலக்கணப்படி அது ஓபரா அல்ல என்று எதிரணி எழுந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நான் அதைக் கொண்டுவந்தது வேறு காரணத்துக்காக. ஊர் ஊராகத் தூக்கிச் சென்று போடக்கூடிய சிறு மேடையை மனத்தில் வைத்தே அதை உருவாக்கினார்கள். செப்டம்பர் 28 அன்று லோசான் நகரில் முதல் காட்சி நடந்தது. அதன் பிறகு கிராமங்களுக்குப் போகவிருந்த பயணத்தை அந்த ஆண்டின் விஷக்காய்ச்சல் நிறுத்திவிட்டது. நின்றதற்குக் காரணம் காய்ச்சலே ஒழிய, ஒலிக்குறை அல்ல.

சிறியதாக இருந்தால் வெளியே போடலாம், பெரியது என்ன செய்யும் என்று கேட்பார்கள். ஜெர்மானியரான ஸிம்மர்மன் எழுதி 1965-ல் கொலோன் நகரில் அரங்கேறிய ‘சிப்பாய்கள்’ என்ற ஓபராவை எடுத்துக்கொள்ளுங்கள். வாத்தியக்காரர்கள் நூறு பேருக்கு மேல், ஒரே நேரத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக நடக்கும் பல காட்சிகள் என்று வழக்கமான மேடையைத் திணற வைக்கும் படைப்பு அது. 2006-ல் அதை போஹும் நகரத்தின் பழைய எஃகு ஆலைக் கூடம் ஒன்றில் போட்டார்கள். மிக நீண்ட மேடை ஒன்றை அமைத்து, பார்வையாளர் அமர்ந்திருந்த இருக்கை வரிசைகளை முழுவதுமாகத் தண்டவாளத்தில் ஏற்றி, காட்சிக்குக் காட்சி நகர்த்திக் கொண்டுபோனார்கள். 2008-ல் அதே தயாரிப்பு நியூயார்க்குக்குப் போனது. அங்கே அது நடந்த இடம் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு ரெஜிமென்ட்டுக்காகக் கட்டிய அணிவகுப்புக் கூடம். சிப்பாய்கள் லெஃப்ட் ரைட் போட்ட தரைக்கு மேல் சிப்பாய்களின் கதை. ஆக, மாளிகைக்குள் அடங்காத பெரிய படைப்பும் வெளியே வந்துதான் மூச்சுவிட்டது.

இதுவரை சொன்னது கட்டடத்தைப் பற்றி. எனக்கு அதைவிட முக்கியமான கேள்வி, அந்தக் கட்டடத்துக்குள் யார் வருகிறார்கள் என்பது.

2016 மார்ச்சில் கலிபோர்னியாவின் லாங் பீச் ஓபரா என்ற குழு ‘ஃபலூஜா’ என்ற படைப்பை அரங்கேற்றியது. 2004-ல் ஈராக்கின் ஃபலூஜா நகரில் சண்டையிட்டுத் திரும்பிய அமெரிக்க மரைன் ஒருவருடைய அனுபவத்திலிருந்து பிறந்தது அது. முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், உயிரை மாய்த்துக்கொள்ளக் கூடும் என்பதற்காக 72 மணி நேரக் கண்காணிப்பில் வைக்கப்பட்ட ஒரு வீரன்தான் நாயகன். முதல் காட்சியை நேஷனல் கார்டு படையின் கூடத்தில் வைத்தார்கள். அமெரிக்க ஓபரா மாளிகையின் பளிங்குப் படிகளில் ஏறத் தயங்கும் ஒரு முன்னாள் சிப்பாய்க்குப் படைக்கூடத்தின் கதவு பழகிய கதவு. சட்டையை மாற்றாமல் உள்ளே போகலாம்.

அதே நாட்டில் டேவிட் டி. லிட்டில் எழுதிய ‘சிப்பாய்ப் பாடல்கள்’ என்ற படைப்பு உண்டு. ஐந்து போர்களில் பங்கெடுத்தவர்களை நேரில் பேட்டி கண்டு, அவர்கள் சொன்னதிலிருந்து அமைத்தது. பாடுகிறவர் ஒரே ஒருவர். பொம்மைத் துப்பாக்கி பிடிக்கும் சிறுவனாகத் தொடங்கி, களத்தில் நின்று, முதியவராக முடிகிறார். ஓபரா பிலடெல்பியா என்ற குழு 2021-ல் அதைப் படமாக்கி வெளியிட்டபோது வெட்டவெளியில், ஒரு டிரெய்லர் வண்டியைச் சுற்றியே எடுத்தது. சிப்பாயிடம் கேட்டு வாங்கிய சொல்லைச் சிப்பாய் வராத இடத்தில் பாடினால், அது அவருடைய முதுகுக்குப் பின்னால் அவரைப் பற்றிப் பேசுவது போல இருக்காதா?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், ஒரு சகோதரி, என் நெஞ்சைத் தொடுகிறபடி ஒன்று சொன்னார். போரைப் பார்த்தவர்களை வெடிச்சத்தத்துக்கு நடுவே உட்கார வைப்பது புண்ணைக் கிளறுவதாகும், அரங்கத்தில் எல்லாம் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் என்றார். அந்தக் கரிசனத்தை மதிக்கிறேன். ஆனால் கட்டுப்பாடு யாருடைய கையில் இருக்கிறது என்பதைச் சொல்ல என் சித்தப்பாவைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

அவர் பட்டாளத்துக்காரர். 1987-ல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். 1990-ல் அந்தப் படை திரும்புவதற்குள் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். சித்தப்பா திரும்பி வந்தார், எதுவும் பேசவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பெரிய நகரத்தில், போரைப் பற்றிய ஒரு நாடகத்துக்கு ஆசையாக அவரை அழைத்துப் போனேன். குளிரூட்டிய அரங்கம், மெத்தை இருக்கை, வரிசையின் நட்டநடுவில் எங்களுக்கு இடம். விளக்கு அணைந்தது, கதவைச் சாத்தினார்கள். இரண்டாவது காட்சியில் துப்பாக்கிச் சத்தம் நாலா பக்கத்திலிருந்தும் வந்தது. சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். வெளியே போக வேண்டுமென்றால் இருட்டில் பத்துப் பேருடைய முழங்காலைத் தாண்ட வேண்டும். அவர் தாண்டவில்லை. ஒன்றரை மணி நேரம் அப்படியே இருந்தார். விளக்கு வந்தபோது என் மணிக்கட்டில் நான்கு நகத் தடங்கள் இருந்தன. அந்த அரங்கில் ஒலியும் ஒளியும் ஒழுங்காகத்தான் இருந்தன, சகோதரி. எழுந்து போகும் வசதி மட்டும்தான் அவருக்கு இல்லை.

அதே சித்தப்பா எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டுக் கேட்கத் தவறாமல் வருவார். வில் கட்டும் இடம் உங்களுக்குத் தெரியும்: பீடத்துக்கு எதிரே பந்தல், மண்தரை, ஒரு பக்கம் பொங்கல் பானை, மறுபக்கம் தூங்கும் குழந்தைகள். புலவர் வீசுகோலால் வில்லில் அடித்தால் மணிகள் மொத்தமாகச் சிலிர்க்கும், குடத்தின் வாயில் அதை அடிக்கும் தட்டையான பத்தி விழுந்தால் அந்த அதிர்வு தரை வழியாக நம் தொடைக்கு வரும். நம் மாவட்டத்தில் அடிபட்டும் வெட்டுப்பட்டும் செத்தவர்களின் கதையை நாம் இப்படித்தான் கேட்டு வந்திருக்கிறோம். நாகர்கோவிலை ஒட்டிய கணியாகுளத்தில் 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் படையோடு பொருது மாண்ட இரவிக்குட்டிப்பிள்ளையின் கதையை ஒரு கொடையில் பாடினார்கள். கெட்ட கனவு கண்ட தாய், போகாதே மகனே என்று தடுக்கும் இடம் வந்தது. சித்தப்பா எழுந்து புளியமரத்தடிக்குப் போய்விட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, கொடையில் எழுந்து போவது புதிதா என்ன? ஒரு பீடி முடிகிற நேரம் கழித்துத் திரும்பி வந்து, புலவருக்கு இடப்புறம் இருந்து துணைப்பாட்டுப் பாடும் இடம் பாடுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தலை விழும் கட்டம் வரை கேட்டார். விடியற்காலையில் வீட்டுக்கு நடக்கும்போது, கேட்காமலே என்னிடம் சொன்னார்: “அங்க செத்தவனும் அம்மான்னுதாம்டே கத்தினான்.”

இத்தனை ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தைப் பற்றி அவர் சொன்னது இந்த ஒரு வரிதான். ஓர் இசையமைப்பாளர் கையில் கிடைத்தால் இந்த வரி ஒரு முழு ஓபரா ஆகும். ஆனால் மெத்தை இருக்கை அதை அவரிடமிருந்து வாங்கவில்லை, புளியமரத்தடி வாங்கியது.

இனி நம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் புலியூர்க்குறிச்சிக்கு வருகிறேன். அங்கே இருக்கும் உதயகிரிக் கோட்டையை நாம் டிலனாய் கோட்டை என்றும் சொல்கிறோம். 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய், பிறகு அதே மன்னரின் படையைப் பழக்கி, 1777-ல் இறந்து, அந்தக் கோட்டைக்குள் கூரையில்லாத தேவாலயத்தில் கிடக்கிறார். கல்லறையில் லத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. அமெரிக்கரான டாம் சிபுல்லோ எழுதிய ‘மறுக்கப்பட்ட மகிமை’ என்ற ஓபரா, வியட்நாமில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் போர்க்கைதியாக இருந்து 1973-ல் விடுதலையான ஜிம் தாம்ப்சனைப் பற்றியது. பாடகர்கள் நான்கே பேர்: இளைய கணவன், இளைய மனைவி, முதிய கணவன், முதிய மனைவி. ஒரு போர்க்கைதியின் கதையை, வீடு திரும்பாத இன்னொரு போர்க்கைதி கிடக்கும் கோட்டை மதிலோரம் பாடினால், அதற்கு எந்தத் திரைச்சீலை வரைந்து ஈடு செய்வீர்கள்? கல்லறைக்கு அருகில் வேண்டாம், மரத்தடியில் மைதானமாக இருக்கும் பகுதி போதும்; பாதுகாக்கப்பட்ட இடம், அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும்.

கோட்டையைப் பார்க்க வருவார்கள், செல்ஃபி எடுப்பார்கள், பாட்டைக் கேட்க மாட்டார்கள் என்றும் எதிரணி சொன்னது. சிலர் அப்படித்தான் செய்வார்கள். இன்னொன்றையும் நானே ஒப்புக்கொள்கிறேன்: சரக்கில்லாத படைப்பைப் பழைய ஆலைக்குள் கொண்டுபோய் வைத்து, ஆலையின் துருவைக் காட்டிப் பெயர் வாங்குகிறவர்களும் உலகத்தில் உண்டு. இடம் நன்றாக இருப்பதால் ராகம் நன்றாகிவிடாது. நான் இடத்தைக் கேட்பது அலங்காரத்துக்காக அல்ல, என் சித்தப்பா போன்றவர் உள்ளே வரவும், வேண்டும்போது வெளியே போகவும், திரும்பி வரவும்.

மிச்சம் இருப்பது மழை. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் வெட்டவெளியா என்று சிரித்தார்கள். கொடைக்கு மழை வந்தால் வில்லை நிறுத்திவிட்டா போகிறோம்? தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறோம், குடத்தை உள்ளே தள்ளி வைக்கிறோம், புலவர் விட்ட வரியிலிருந்து தொடங்குகிறார்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. முன்வரிசை ஓரத்தில், வாசலுக்குப் பக்கத்து நாற்காலியைக் கேட்டு வாங்கி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இடையில் இரண்டு முறை எழுந்து போனார், இப்போது திரும்பி வந்திருக்கிறார். அவரையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.