தண்ணிக்காரம்மா மிருணாள் கோரே

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு முன்னாடி பேசினவங்க எல்லாம் அரசியல் சட்டம், இட ஒதுக்கீடுன்னு பெரிய பெரிய விஷயமா பேசிட்டு போயிட்டாங்க, நான் குழாய், மண்ணெண்ணெய், பூரிக்கட்டை இந்த மூணப் பத்திதான் பேசப்போறேன், யாரும் கோச்சுக்காதீங்க.

மிருணாள் கோரே, 1928-ல பொறந்தவங்க. டாக்டருக்கு படிச்சுட்டு இருந்தாங்க, அத பாதியில விட்டுட்டு சோசலிஸ்ட் இயக்கத்துக்கு வந்துட்டாங்க. நம்ம வீட்ல ஒரு பொண்ணு மெடிக்கல் சீட்டை விட்டுட்டு கட்சி வேலைக்கு போறேன்னு வந்து நின்னா வீட்டுக்குள்ள விடுவோமா சொல்லுங்க? கூட வேலை செஞ்ச கேசவ் கோரேவை கல்யாணம் பண்ணிக்கிட்டு பம்பாய் கோரேகாவ்ல குடித்தனம், 1958-ல அவர் தவறிட்டாரு, கையில சின்ன பொண்ணு. 1961-ல இந்தம்மா பம்பாய் கார்ப்பரேஷன் கவுன்சிலர்.

அப்ப கோரேகாவ் சிட்டியோட சேர்ந்தே கொஞ்ச வருஷம்தான் ஆச்சு. மில் வேலை, கூலி வேலைன்னு ஊர்ல இருந்து வந்த ஜனம் குடிசை போட்டு இருக்காங்க, தண்ணி கேட்டா நீங்க இருக்கறதே சட்டவிரோதம், உங்களுக்கு எதுக்கு குழாய்னு அதிகாரிங்க கேப்பாங்க. சட்டவிரோதமா இருந்தா தாகம் எடுக்காதா என்ன? இந்தம்மா விடல, பொம்பளைங்களக் கூட்டிட்டு போய் ஆபீஸ் ஆபீஸா உக்காந்து மறியல் பண்ணி தண்ணி கொண்டு வந்தாங்க. அதுல இருந்து ஜனங்க வச்ச பேருதான் பானிவாலி பாய், நம்ம ஊர்ல சொன்னா தண்ணிக்காரம்மா.

அடுத்து 1972, மகாராஷ்டிராவுல கடுமையான பஞ்சம். எண்ணெய், சர்க்கரை, மண்ணெண்ணெய் எல்லாம் விலை ஏறிப்போச்சு, கிடைக்கவும் மாட்டேங்குது. மார்க்சிஸ்ட் கட்சி அகில்யா ரங்னேகரும் சோசலிஸ்ட் மிருணாளும் சேர்ந்து விலைவாசிக்கு எதிரா பெண்கள் கமிட்டி ஆரம்பிச்சாங்க, ரெண்டு கட்சிக்கும் ஆகவே ஆகாதுன்னு உங்களுக்கே தெரியும், ஆனா அடுப்புக்கு ஏதுங்க கட்சி. ஆயிரக்கணக்குல பொம்பளைங்க கையில பூரிக்கட்டையோட ரோட்டுக்கு வந்தாங்க, வீட்ட விட்டு வர முடியாதவங்க குறிச்ச நேரத்துக்கு உள்ள இருந்தே தட்டுல பூரிக்கட்டையால அடிச்சாங்க. இந்த ஐடியாதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. மாமியார் வெளிய விடலன்னாலும் போராட்டத்துல கலந்துக்கலாம் பாருங்க!

அதே 1972-ல எம்எல்ஏ ஆனாங்க. எமர்ஜென்சி வந்தப்ப தலைமறைவா இருந்து வேலை செஞ்சு, அப்புறம் மாட்டி ஜெயிலுக்கும் போனாங்க. 1977 எலெக்ஷன்ல வடக்கு பம்பாய்ல இருந்து எம்பி, அந்த அகில்யாவும் அதே தேர்தல்ல பம்பாய்லயே இன்னொரு தொகுதியில ஜெயிச்சுட்டாங்க, இந்திரா காந்தி தோத்துட்டாங்க. அப்ப பம்பாய் தெருவுல போட்ட கோஷம், "பானிவாலி பாய் தில்லி மே, தில்லிவாலி பாய் பானி மே". தண்ணிக்காரம்மா டெல்லியில, டெல்லிக்காரம்மா தண்ணியில!

இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு முடிச்சிடறேன், சேர்மன் வாட்ச்ச பாக்கறாரு. எந்த ஸ்கேன் சென்டர் போனாலும் குழந்தை ஆணா பொண்ணான்னு சொல்றது குற்றம்னு ஒரு போர்டு இருக்கும்ல, நாடு முழுக்க அந்த சட்டம் 1994-லதான் வந்துச்சு. ஆனா மகாராஷ்டிரா 1988-லயே போட்டுருச்சு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி சட்டசபையில தனிநபர் மசோதா, அதாவது அரசாங்கம் இல்லாம ஒரு எம்எல்ஏ தானா கொண்டு வர்ற மசோதா, அத கொண்டு வந்து அரசாங்கத்த நெருக்கினது மிருணாள்தான். 88 கடைசியில அங்க எதிர்க்கட்சித் தலைவரும் ஆனாங்க. போர்டு மாட்டினா மட்டும் நின்னுடுமான்னு கேக்கறீங்க, நிக்கலதான், ஆனா புடிச்சு உள்ள தள்ளறதுக்கு சட்டமாவது வேணும்ல.

2012-ல, 84 வயசுல காலமானாங்க. கோரேகாவ் திண்டோஷியில சாதாரண ஜனங்களுக்காக ஆயிரக்கணக்குல வீடு கட்ட வச்ச கதை இன்னும் பாக்கி இருக்கு, அது பெரிய கதை, டீ குடிக்கறப்ப கேளுங்க, சொல்றேன்.