துளை போடும் முன் கணக்கு

(ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில், எரிவாயுக் கிணறுகள் பற்றிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, பெரியவர்களே, கரைக்கு வந்து வலையை உதறிப் போட்டுவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற தம்பிமார்களே, எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

வரும்போது வீட்டில் குடிக்கிற தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வரச் சொல்லியிருந்தேன். நிறையப் பேர் மடியில் பாட்டில் தெரிகிறது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்கு வேலை இருக்கிறது.

30 வருஷத்துக்கு மேல் இந்தக் கரையோரத்தில் நர்ஸம்மாவாக நடந்தவள் நான். இங்கே இருக்கிற பல பேருக்கு முதல் தடுப்பூசி நான் போட்டதுதான். என் பையில் மருந்து இருந்ததோ இல்லையோ, பதிவேடு எப்போதும் இருக்கும். யார் முழுகாமல் இருக்கிறார், பிறந்த பிள்ளை என்ன எடை, எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் வயிற்றுப்போக்கு, எல்லாம் அதில் ஏறிவிடும்.

ஒரு ஐப்பசி மழையில் ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. தண்ணீர்க் குழாயில் சாக்கடை கலக்கிறது என்று புகார் சொன்னோம். விசாரிக்க வந்தவர், "இந்தப் பக்கம் மழைக்காலத்துல எப்பவும் இப்படித்தானம்மா" என்றார். பதிவேட்டை விரித்துக் காட்டினேன். போன வருஷம் அதே மாசம், அதே தெருவில் எத்தனை பேர், இந்த வருஷம் எத்தனை பேர். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் குழாயைத் தோண்டினார்கள். அந்த நோட்டு மட்டும் இல்லையென்றால் அந்தத் தெருப் பிள்ளைகள் இன்னும் எத்தனை நாள் அந்தத் தண்ணீரைக் குடித்திருப்பார்களோ. எரிவாயுக் கிணறு பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த நோட்டுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் பூமிக்கடியில் எரிவாயு இருப்பது புதுச் செய்தி இல்லை. வழுதூரில் மின்சாரம் எடுப்பதே இங்கே கிடைக்கிற வாயுவை எரித்துத்தான். நம் வீட்டு அடுப்பிலும் கேஸ்தான் எரிகிறது. என் அம்மா கருவேல விறகுப் புகையில் இருமி இருமியே வாழ்ந்தவள். அதனால் கேஸ் அடுப்பின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் 2025 மார்ச்சில் நம் மாவட்டத்தில் 20 இடங்களில் சோதனைக் கிணறு தோண்டச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் 2,000 முதல் 3,000 மீட்டர் ஆழம். நமக்குத் தெரிய வந்தது ஆகஸ்டில். ஊர் ஊராக எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, எண்ணெய், எரிவாயு எடுக்கிற எந்த ஹைட்ரோகார்பன் திட்டத்தையும் தமிழக அரசு அனுமதிக்காது, அந்த அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லியிருக்கிறோம் என்று அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். அந்த வாக்கை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் மார்ச்சிலிருந்து ஆகஸ்டு வரை நம் ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் ஒரு அனுமதி எப்படி இருக்க முடிந்தது? அதைக் கேட்காமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடக் கூடாது.

2020 ஜனவரியில் மத்திய அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் கிணறுகளை பி2 என்ற வகைக்கு இறக்கியது. அந்த வகைக்கு மக்களிடம் கருத்துக் கேட்புக் கூட்டம் வேண்டாம். விரிவான சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையும் வேண்டாம். தேடத்தானே போகிறோம், எடுக்கும்போது கேட்டுக்கொள்ளலாம் என்பது அதன் நியாயம். எனக்கு இது புரியவில்லை. தேடுவதற்குப் போடுகிற துளையும் அதே ஆழம், அதே சேறு, அதே டீசல் இயந்திரம்தானே. கர்ப்பிணி வயிற்றில் ஊசி குத்திவிட்டு, சும்மா சோதனைக்குத்தான் குத்தினேன், அதனால் உன்னிடம் கேட்கவில்லை என்று நான் சொல்லியிருந்தால் ஊர் என்னை விட்டிருக்குமா?

இப்போது தண்ணீர். இந்தக் கரையில் வளர்ந்த எல்லாருக்கும் ஊத்து தெரியும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணல் மேட்டுக்கு இந்தப் பக்கம், இடுப்பளவு பள்ளம் தோண்டுவோம். முதலில் ஈரமணல் தட்டுப்படும். பிறகு ஓரத்திலிருந்து மெதுவாகக் கசியும். அவசரப்பட்டு வாளியை விட்டால் கலங்கிவிடும். சிரட்டையால் மேலாக, மணல் கலையாமல், கோதிக் கோதிக் குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைவதற்குள் ஊர்க்கதை முழுக்கப் பேசி முடித்துவிடலாம். அலை சத்தம் காதில் விழுகிற இடத்தில் இளநீர் மாதிரித் தண்ணீர். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும், அது வராத நாளில் நம் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போகிறார்கள்.

இந்த அதிசயத்துக்குக் காரணம் இருக்கிறது. மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட இலேசு. அதனால் மணலுக்குள் இறங்கிய மழை, கடல் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் தாங்கி நிற்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. திருப்பிப் பாருங்கள். மேலே 1 அடியை நாம் இழந்தால் கீழே 40 அடி உப்பாகிப் போகும். நம் தண்ணீர் அவ்வளவு மெல்லிசான ஒரு தராசில் நிற்கிறது.

எரிவாயுக் கிணறு அந்த நல்ல தண்ணீரைக் கடந்துதான் கீழே போக வேண்டும். வேறு வழி இல்லை. துளைக்குள் இரும்புக் குழாய் இறக்கி, குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே சிமெண்ட் ஊற்றி அடைப்பார்கள். அது நன்றாக இருக்கும் வரை ஒன்றும் இல்லை. சிமெண்ட் சரியாகப் பிடிக்காமல் போனாலோ, வருஷம் ஆக ஆக விரிசல் விட்டாலோ, கீழே இருக்கிற வாயுவும் உப்புநீரும் மேலே ஏற ஒரு பாதை கிடைத்துவிடும். கிணற்றை மூடிவிட்டுப் போனாலும் குழாயும் சிமெண்டும் அங்கேயேதான் கிடக்கும். வாயுவோடு கூட வருகிற தண்ணீர் பல இடங்களில் கடல் தண்ணீரைவிட உப்பு. தோண்டும்போது வெளியே வருகிற சேற்றில் ரசாயனமும் எண்ணெயும் கலந்திருக்கும். அதைக் குழி வெட்டித் தேக்கி வைப்பார்கள். நம் ஊரில் கார்த்திகையில் ஒரே ராத்திரியில் கண்மாய் மறுகால் பாய்கிறதே, அந்த ராத்திரி அந்தக் குழி என்ன ஆகும்?

காற்றைப் பற்றி நர்ஸாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் எரிவாயுக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அந்த மாநில சுகாதாரத் துறைக்காக ஆராய்ந்து 2023இல் முடிவுகளை வெளியிட்டது. கிணற்றிலிருந்து 1 மைலுக்குள் வசிக்கிற குழந்தைகளுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வருகிற வாய்ப்பு 5 முதல் 7 மடங்கு. கிணறு வாயு தருகிற காலத்தில், பக்கத்தில் வசிக்கிற ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சிரைப்பு கடுமையாகும் வாய்ப்பு 4 முதல் 5 மடங்கு. அதே ஆய்வில், இரத்தப் புற்றுநோய்க்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு தெரியவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், பாதி உண்மையைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த நான் வரவில்லை. இன்னொன்று, அங்கே பாறையை உடைத்து வாயு எடுக்கிறார்கள். அந்த முறையும் சாதாரணக் கிணறும் ஒன்றல்ல. ஆனால் இரவு பகலாக ஓடுகிற டீசல் இயந்திரம், லாரிப் புழுதி, குழாய் முனையில் எரிகிற தீ, கழிவுநீர் இவையெல்லாம் இரண்டுக்கும் பொது. ஏற்கெனவே கரி மூட்டப் புகையைச் சுவாசிக்கிற ஊர் நாம். மூச்சிரைப்பு வந்த பிள்ளையை ராத்திரி 2 மணிக்கு பைக்கின் நடுவில் உட்கார வைத்து ராமநாதபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய வீடுகள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கின்றன.

விபத்து நடந்தால் என்ன ஆகும்? ஆந்திராவில் பாசர்லபூடியில் 1995 ஜனவரியில் ஒரு கிணறு பீறிட்டுத் தீப்பிடித்து இரண்டு மாதத்துக்கு மேல் எரிந்தது. தென்னையும் நெல்லும் விளைகிற கோதாவரிக் கரையோரம் அது. அசாமில் பாக்ஜானில் 2020 மே 27ஆம் தேதி இன்னொரு கிணறு பீறிட்டது. ஜூன் 9இல் தீப்பிடித்தது. தீயணைக்கப் போன இருவர் செத்தார்கள். அதை முழுசாக அடக்க நவம்பர் ஆனது. பக்கத்தில் இருந்தது பறவைகள் வந்து தங்குகிற ஒரு பெரிய சதுப்பு நீர்நிலை. மீன் பிடித்துப் பிழைத்தவர்கள் முகாம்களில் கிடந்தார்கள். நம்மிடம் சக்கரக்கோட்டை இருக்கிறது, தேர்த்தங்கல் இருக்கிறது, சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இருக்கின்றன. நான்குமே ராம்சார் என்கிற, உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் பட்டியலில் உள்ளவை. கடலுக்குள் 1986இலேயே தேசியப் பூங்காவாக அறிவித்த 21 தீவுகள், அதில் 2 ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன.

அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கிற அக்காமார் இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள். விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு, காலில் தட்டைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்குகிறவர்கள். அந்தத் தண்ணீர் அவர்கள் கண்ணுக்குள்ளும் வாய்க்குள்ளும் போகிற தண்ணீர். கழிவு எங்கே போகும் என்று முதலில் கேட்க உரிமை உள்ளவர்கள் அவர்கள்தான்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக்கு 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை எதிர்த்து மக்கள் உட்கார்ந்து போராடியதன் பலன் அது. அந்தச் சட்டத்தில் நம் மாவட்டம் இல்லை. வானம் பார்த்த பூமிதானே என்று விட்டுவிட்டார்களோ என்னவோ. வைகையின் கடைமடை நாம். புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாய் நம்முடையது. குறைவாகத் தண்ணீர் உள்ள ஊருக்குத்தான் பாதுகாப்பு கூடுதலாக வேண்டும் என்பது என் எண்ணம். நம் மாவட்டத்தையும் சேர்க்க வேண்டும் என்று கேட்போம். இங்கே இனிப் புதுக் கிணறு கூடாது என்பதுதான் என் நிலைப்பாடு, அதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

ஆனால் வாக்கு மாறலாம், ஆட்சி மாறலாம், வழக்கு வரலாம். அன்றைக்கு நம் கையில் என்ன இருக்கும்? அதற்காகத்தான் பாட்டில் கொண்டுவரச் சொன்னேன்.

தண்ணீர் கெட்டுப்போனது என்று ஊர் சொல்லும். அது முன்னாலேயே அப்படித்தான் என்று தோண்டியவர் சொல்வார். உலகம் முழுக்க இந்த வழக்குகள் முட்டி நிற்கிற இடம் இதுதான். பென்சில்வேனியாவில் 2012இல் ஒரு சட்டம் போட்டார்கள். பாறை உடைக்கிற கிணறு தோண்டி 12 மாதத்துக்குள், 2,500 அடிக்குள் இருக்கிற குடிநீர் கெட்டால், தோண்டியவர்தான் காரணம் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் அவர்தான் நிரூபிக்க வேண்டும். அதனால் தோண்டுவதற்கு முன் அவர்களே வீடு வீடாகப் போய்த் தண்ணீரைச் சோதித்து வைக்கிறார்கள். இது நமக்கு அந்நியமான நியாயம் இல்லை. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான். கேடு வராது என்று நிரூபிக்கிற பொறுப்பு தொழில் நடத்துகிறவருடையது. வேலூர்க்காரர்கள் வாங்கித் தந்த தீர்ப்பு அது.

எழுதுவது எப்படி என்று சொல்கிறேன். ஊருணி, ஊத்து, கிணறு, அடிகுழாய் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். மாசம் ஒருமுறை டிடிஎஸ் மீட்டரை முக்கி எண்ணைக் குறியுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது உப்பை மட்டும்தான் சொல்லும், எண்ணெயையோ வாயுவையோ சொல்லாது. அதற்கு வருஷம் ஒருமுறை அரசுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, முத்திரையோடு அறிக்கை வாங்கி வையுங்கள். எந்த வீட்டில் மூச்சிரைப்பு, எந்த வீட்டில் தோல் அரிப்பு, அது இன்னொரு நோட்டு, அதை நானும் பள்ளிக்கூட டீச்சரும் பார்த்துக்கொள்கிறோம். கடலுக்குப் போகிறவர்கள் நகரை மீன் எவ்வளவு, நண்டு எவ்வளவு என்று படகில் ஒருவர் எழுதினால் போதும். கிராம சபை வருஷத்துக்கு 6 முறை கூடுகிறது. ஒவ்வொரு முறையும் இந்த நோட்டைப் படித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்ற மாட்டேன் என்றால், ஏற்றும் வரை எழுந்திருக்காதீர்கள்.

பேச்சு போதும், இருட்டிவிட்டது. அந்த மேசையைக் கொஞ்சம் விளக்கடிக்கு இழுத்துப் போடு தம்பி. பாசி எடுக்கிற அக்காமார் முதலில் வாருங்கள். பாட்டிலில் எந்த இடத்துத் தண்ணீர் என்று சொல்லிவிட்டு மூடியைத் திறங்கள். யார் எழுதுகிறீர்கள்? நீயா பாப்பா? எழுது. முதல் பக்கம், மேலே இன்றைய தேதி.