பணம் உள்ளே வருது, குடும்பம் வெளியே போகுது: டீட்டன் கவுன்ட்டி கதை

வணக்கம் மக்களே! அமெரிக்காவுலயே தலைக்கு வருமானம் அதிகமா இருக்கிற கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) எது? நியூயார்க்? சிலிக்கான் பள்ளத்தாக்கு? ரெண்டும் இல்ல. வயோமிங் மாநிலத்துல, மலைக்கு நடுவுல இருக்கிற டீட்டன் கவுன்ட்டி. மொத்த ஜனமே சுமார் 23,000 பேர்தான்.

இங்க பணம் உள்ளே வருது, குடும்பம் வெளியே போகுதுன்னு சொன்னேன்ல? யார் வந்தாங்க, யார் போனாங்கன்னு எப்படித் தெரியும்? அமெரிக்க வருமான வரித்துறை, போன வருஷ வரி ரிட்டர்ன்ல இருந்த முகவரியை இந்த வருஷ முகவரியோட ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு ரிட்டர்ன்னா ஏறக்குறைய ஒரு குடும்பம். அதுல காட்டின வருமானமும் அந்தக் குடும்பத்தோடயே இடம் மாறினதா எழுதிடுவாங்க. அவ்வளவுதான்.

இங்கதான் கவனிக்கணும். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். வருஷம் 80,000 டாலர் சம்பாதிக்கிற ரெண்டு குடும்பம் வீட்டைக் காலி பண்ணுது. 50 லட்சம் டாலர் வருமானத்தோட ஒருத்தர் குடி வர்றார். வரித்துறை அட்டவணை என்ன சொல்லும்? ஒரு குடும்பம் குறைவு, 48 லட்சத்து 40 ஆயிரம் டாலர் வரவு! ஆனா அவர் பணம் வேற எங்கயோ போட்ட முதலீட்டுல இருந்து வருது. இங்க வந்தது அவரோட முகவரி. வயோமிங்ல மாநில வருமான வரியே கிடையாது, இவர் மாதிரி ஆளுங்க இங்க குடி வர அதுவும் ஒரு காரணம்.

இங்க வீட்டு விலை ஏன் இவ்வளவு அதிகம்? கவுன்ட்டியில 97 சதவீத நிலம் பொது நிலம். தேசியப் பூங்கா, காடு. மிச்ச 3 சதவீதத்துலதான் எல்லாரும் வீடு கட்டணும்.

அப்போ இந்தக் கவுன்ட்டியோட முக்கிய ஊரான ஜாக்சன்ல சமைக்கிறவங்க, மருத்துவமனையில வேலை பார்க்கிறவங்க எங்க இருக்காங்க? நிறைய பேர் மலைக்கு அந்தப் பக்கம், ஐடஹோ மாநிலத்துல. விக்டர், டிரிக்ஸ்னு சின்ன ஊர்கள். அந்தக் கவுன்ட்டி பேரும் டீட்டன்தான்! நடுவுல டீட்டன் கணவாய், 8,431 அடி உயரம். 100 அடி போனா 10 அடி ஏறுற சாலை. குளிர்காலத்துல பனிச்சரிவு வந்தா அடைச்சிடுவாங்க.

2024 ஜூன் 8. அந்த மலைச்சாலையில ஒரு வளைவே அப்படியே சரிஞ்சு பள்ளத்துல விழுந்துச்சு. நல்லவேளை, யாருக்கும் அடிபடல. ஆனா சுத்திப் போகணும்னா 60 மைலுக்கு மேல கூடுதல். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. குழந்தையைப் பள்ளியில விட்டுட்டு வேலைக்குக் கிளம்புற ஒரு அம்மாவை நினைச்சுப் பாருங்க. மூணு வாரத்துக்குள்ள மாற்றுப்பாதை போட்டுத் திறந்துட்டாங்க. அத்தனை வேகம் ஏன்னா, இவங்க வரலைன்னா அந்தப் பணக்கார ஊர் ஓடாது.

வாடகை தாங்காம பக்கத்து ஊருக்குப் போய், அங்கிருந்து வேலைக்கு வர்றவங்க உங்க ஊர்லயும் இருந்தா கமென்ட்ல எழுதுங்க. எல்லாத்தையும் படிப்பேன்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் இன்னொண்ணு இருக்கு. ஐடஹோவுல மாநில வருமான வரி உண்டு. அங்க குடியிருந்தா, வெளிமாநிலத்துல சம்பாதிச்சதுக்கும் கட்டணும். ஜாக்சன் ஓட்டல்ல பாத்திரம் கழுவுறவர், கணவாயைத் தாண்டி வீட்டுக்கு வந்து, அந்தச் சம்பளத்துக்கு ஐடஹோவுக்கு வரி கட்டுறார். அவர் கழுவின தட்டுல சாப்பிட்ட, ஜாக்சன்லயே வீடு வச்சிருக்கிற கோடீஸ்வரருக்கு மாநில வருமான வரி பூஜ்யம்.