போர்டு போச்சு என்று சொல்வதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய லேப்டாப் ஒன்று திடீரென்று உயிரில்லாமல் கிடக்கிறது. பட்டனை அழுத்தினால் விளக்கு எரியவில்லை, விசிறி சுற்றவில்லை. பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறோம். அங்கே இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "போர்டு போச்சுங்க, புதுசா வாங்கிடுங்க" என்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலருக்கு இந்த வசனம் பழக்கமாக இருக்கும். போர்டு என்றால் மதர்போர்டு, எல்லாப் பாகங்களும் வந்து சேர்கிற உள்பலகை. அது போகவே போகாது என்று வாதாட நான் வரவில்லை. போகும். ஆனால் சந்தேகப்பட வேண்டியவர்களில் அது கடைசி ஆள். முதல் ஆள் சுவரில் இருக்கிற பிளக் பாயின்ட். அடுத்து சார்ஜர், அடுத்து சார்ஜர் பின் நுழைகிற ஜாக், அடுத்து பேட்டரி, அதற்கும் அடுத்து ராம், அதாவது ஓடும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்கிற சின்ன மெமரி அட்டை. இவர்களை எல்லாம் ஒவ்வொருவராக விசாரித்து அனுப்பிய பிறகுதான் போர்டுக்கு வர வேண்டும். வெளியிலிருந்து உள்ளே. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

பழைய லேப்டாப் என்றால் பத்து, பன்னிரண்டு வருடமானவற்றைச் சொல்கிறேன். தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது 2011இல். அந்தக் காலத்து மெஷின்கள் கடலூர்ப் பக்கம் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. அவற்றில் ஒரு வசதி உண்டு. அடிப்பக்கத்தில் இரண்டு கொக்கியைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். ராமுக்கும் ஹார்டு டிஸ்குக்கும் பெரும்பாலும் தனி மூடி இருக்கும். சின்ன ஸ்டார் ஸ்குரூடிரைவர் ஒன்று போதும். இப்போது வருகிற மெல்லிய மாடல்கள் பலவற்றில் ராமைப் போர்டோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள். அங்கே இன்றைய பேச்சில் பாதி செல்லாது.

சார்ஜரிலிருந்து தொடங்குவோம். அதன் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். இன்புட் என்ற இடத்தில் 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கும். நம் தெருவில் மின்னழுத்தம் 170க்கு இறங்கினாலும் சார்ஜர் சமாளித்துக்கொள்ளும் என்று அர்த்தம். ஆகவே இதற்கென்று ஸ்டெபிலைசர் வாங்க வேண்டாம். சார்ஜருக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: போன கரண்ட் திரும்பி வரும்போது ஒரு உதை உதைக்கும் பாருங்கள், அதில். கரண்ட் போனால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், செலவே இல்லை.

லேபிளில் அடுத்த வரி அவுட்புட். 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று இருந்தால் அது 65 வாட். 19.5 வோல்ட், 4.62 ஆம்பியர் என்று இருந்தால் 90 வாட். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான். வேறு சார்ஜர் வாங்கினால் வோல்ட் ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது. ஆம்பியர் கூடினால் லேப்டாப் எரிந்துபோகாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எரியாது, தனக்கு வேண்டியதைத்தான் அது இழுக்கும். ஆம்பியர் குறைந்த சார்ஜரைப் போட்டால்தான் தொல்லை. சும்மா இருக்கும்போது ஓடும். வீடியோ ஒன்றைப் போட்டதும் சட்டென்று நின்றுவிடும்.

அடுத்து, அளந்து பார்ப்பது. புதுச்சேரி நேரு வீதிப் பக்கமோ, கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டால் சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். டிசி வோல்ட் பக்கம் திருப்பி 200 என்ற எண்ணில் வையுங்கள். 20இல் வைத்தால், நல்ல சார்ஜர் இருபதுக்கு ஒரு பொட்டு மேலே காட்டும்போது மீட்டரில் வெறும் ஒன்று மட்டும் தெரியும். சார்ஜர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவோம். பின்னின் நடுவில் வெறும் துளை இருந்தால் சிவப்புக் கம்பி துளைக்குள், கறுப்புக் கம்பி வெளி உலோகத்தில். நடுவில் மெல்லிய ஊசி இருந்தால், டெல்லிலும் எச்பியிலும் பழைய தடித்த பின்கள் அப்படித்தான் இருக்கும், ஊசியைத் தொட வேண்டாம். ஊசியைச் சுற்றி இருக்கிற உலோக வளையத்தின் உட்சுவர்தான் பாசிட்டிவ். இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் அநியாயமாகப் பணத்தை விடுகிற இடம் அது. "நான் இத்தனை வாட் சார்ஜர்" என்று லேப்டாப்புக்குத் தகவல் சொல்வதுதான் அதன் வேலை. ஊசி வளைந்துவிட்டாலோ, அதற்குப் போகிற மெல்லிய ஒயர் உள்ளே அறுந்துவிட்டாலோ தகவல் போகாது. அப்போது லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது. வேகமும் நத்தை மாதிரி ஆகிவிடும், ஏனென்றால் எவ்வளவு கரண்ட் எடுக்கலாம் என்று தெரியாமல் லேப்டாப்பின் மூளையான பிராசஸர் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். பேட்டரி ஏறவில்லை என்று புது பேட்டரி வாங்குகிறார்கள். மெதுவாக இருக்கிறது என்று விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் சார்ஜர் பின்னில் ஒரு ஊசி. ஆன் செய்யும்போது சார்ஜர் வகை தெரியவில்லை என்று திரையில் ஒரு எச்சரிக்கை வரும். அதைப் படிக்காமல் என்டரைத் தட்டிவிட்டுப் போவதுதான் நம் வழக்கம்.

மீட்டரை வைத்திருக்கும்போதே, பின்னுக்குப் பக்கத்திலும் சார்ஜர் பெட்டியின் கழுத்திலும் ஒயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். எண் குதித்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. சார்ஜரில் விளக்கு இருந்தால் இன்னொரு சோதனை. சுவரில் போட்டதும் விளக்கு எரிகிறது, லேப்டாப்பில் செருகியதும் அணைகிறது அல்லது மினுக்கு மினுக்கு என்கிறது. அப்படியானால் லேப்டாப்புக்குள் எங்கோ ஷார்ட். கடைக்குத்தான் போக வேண்டும். போகும்போது, "செருகினால் சார்ஜர் விளக்கு அணையுதுங்க" என்று அந்த விவரத்தையும் சொல்லுங்கள். பல சமயம் மின்சாரத்தைத் தேக்கிக் கொடுக்கிற எள்ளளவு கெப்பாசிட்டர் ஒன்றுதான் ஷார்ட் ஆகியிருக்கும். தெரிந்தவர் கையில் அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுச் சரிசெய்ய முடியும்.

சார்ஜர் நல்லது, ஆனால் பின்னை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் ஏறுகிறது என்றால் ஜாக் ஆட்டம் கண்டிருக்கிறது. பழைய மாடல்கள் பலவற்றில் ஜாக் தனியாக ஒயரோடு வரும். பற்றவைக்காமலே மாற்றலாம்.

சார்ஜரும் ஜாக்கும் நல்லது, ஆனாலும் உயிர் வரவில்லையா? சார்ஜரைப் பிடுங்குங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள். எதுவும் இல்லாத நிலையில் பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்து, ஆன் ஆஃப் வேலையைக் கவனிக்கிற சின்ன சிப் சிக்கிக்கொண்டிருந்தால் விடுபடும். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். வந்தால் குற்றவாளி பேட்டரி. பேட்டரி வெளியே தெரியாத மாடலில் டச்பேட் மேலே எழும்பியிருந்தால், மூடி சரியாக மூடாமல் இருந்தால், பேட்டரி உப்பியிருக்கிறது. அதை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள்.

இனி உள்ளே போவோம். இந்த இடத்தில்தான் நம் ஊருக்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. தேவனாம்பட்டினத்திலோ, வைத்திக்குப்பத்திலோ, வீராம்பட்டினத்திலோ ஜன்னல் கம்பிக்கு எத்தனை முறை பெயின்ட் அடிக்கிறோம்? அதே கடற்காற்றைத்தான் லேப்டாப் விசிறி நாள் முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. காற்றில் வருகிற உப்பு படிந்தால் சும்மா இருக்காது. ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ராமின் ஓரத்தில் தங்க நிறத்தில் பற்கள் இருக்கின்றனவே, அந்தப் பூச்சு மிக மெல்லியது. அதிலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக அடியிலிருக்கும் நிக்கலும் செம்பும் அரிக்கத் தொடங்கும். அரிப்பு மேலே வந்து படலமாகப் படியும். பொருள் கெட்டிருக்காது, தொடர்புதான் விட்டுப்போயிருக்கும்.

இதற்கு அடையாளம் உண்டு. பவர் விளக்கு எரியும், விசிறி சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். சில மாடலில் பீப் பீப் என்று சத்தம் வரும், சிலவற்றில் கேப்ஸ் லாக் விளக்கு விட்டு விட்டு எரியும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப்பேர் போர்டு போச்சு என்கிறார்கள். முதலில் ராமைக் கழற்றுங்கள். சார்ஜரும் பேட்டரியும் வெளியே இருக்க வேண்டும், அதை மறக்காதீர்கள். இரண்டு பக்கக் கவ்விகளையும் விரலால் விலக்கினால் ராம் தானாகச் சாய்ந்து எழும்பும். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் அந்தப் பற்களை இரண்டு பக்கமும் மெதுவாகத் தேயுங்கள். மை அழிக்கிற நீல நிற முனை வேண்டாம். அது சொரசொரப்பு, பூச்சையே உரித்துவிடும். தேய்க்கிற வேலையை லேப்டாப்புக்கு மேலே வைத்துச் செய்யாதீர்கள், ரப்பர்த் துகள் ராம் உட்காருகிற ஸ்லாட்டுக்குள் விழும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு ஒரு துடைப்பு. கை கழுவுகிற சானிடைசரை இதற்கு எடுக்காதீர்கள். அதில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும், பிசுக்கு தங்கிவிடும். திரும்ப மாட்டும்போது சாய்வாகக் கடைசி வரை செருகி, பிறகு கீழே அழுத்த வேண்டும். இரண்டு கவ்வியும் டக்கென்று சத்தம் போட்டால்தான் உட்கார்ந்தது என்று அர்த்தம்.

இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை. ஸ்லாட்டையும் மாற்றிப் பாருங்கள். ராம் கெட்டதா, ஸ்லாட் கெட்டதா என்று அப்போது தெரிந்துவிடும். புது ராம் வாங்குவதானால் லேபிளில் பிசி3 என்று இருக்கிறதா, பிசி3எல் என்று இருக்கிறதா பாருங்கள். முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35 வோல்ட். பற்களுக்கு நடுவில் இருக்கிற வெட்டு ஒரே இடத்தில்தான் இருக்கும், இரண்டும் செருகும். ஆனால் 2013க்குப் பிறகு வந்த பல மாடல்கள் பிசி3எல் இல்லாமல் ஆன் ஆகாது. எல் போட்டதை வாங்கினால் பழைய மாடலிலும் பெரும்பாலும் ஓடும்.

உப்புக் காற்றைப் பற்றி இன்னும் ஒன்று, நேரம் ஓடுகிறது என்றாலும் சொல்லிவிடுகிறேன். கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் வைக்கிறோம். பைக்குள் அடைபட்ட ஈரம் வெளியே போக வழியில்லை. வாரத்துக்கு ஒருமுறை எடுத்து ஒரு மணி நேரம் ஓட்டினால் அதன் சூடே உள்ளிருக்கும் ஈரத்தைப் போக்கும். முடியாதென்றால் பேட்டரியைத் தனியாக எடுத்துவிட்டு, செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து உள்ளே போட்டுக் கட்டுங்கள்.

நெடுநாள் கிடந்த மெஷினில் தேதி பழைய வருடத்துக்குப் போயிருந்தால் உள்ளே இருக்கிற 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி தப்பாக இருந்தால் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று வரும். நெட் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள்.

பத்து நிமிடம் ஓடிவிட்டு, எந்த அறிவிப்பும் இல்லாமல் பொட்டென்று அணைகிறதா? சூடு. வெப்பம் நூறு டிகிரியை நெருங்கினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெஷினை நிறுத்திவிடும். காற்று வெளியே வருகிற ஓட்டையில் கையை வையுங்கள். விசிறி கத்துகிறது, காற்று மட்டும் வரவில்லை என்றால், விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளம் மாதிரி அடைத்திருக்கிறது. வெளியிலிருந்து வாயால் ஊதினால் அது போகாது, எச்சில்தான் உள்ளே போகும். விசிறியைக் கழற்றி அந்தத் தூசியை முழுசாக உரித்தெடுக்க வேண்டும். புளோயர் அடிப்பதானால் விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிராசஸரின் மேல் காய்ந்துபோன, சூட்டைக் கடத்துகிற பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டு அரிசி அளவு புது பேஸ்ட் போதும்.

திரை இருட்டாக இருந்தால் மொபைல் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்குதான் போயிருக்கிறது. மூடியை அசைக்கும்போது படம் வந்து வந்து போனால், கீல் வழியாகப் போகிற கேபிள். லேப்டாப்பைக் கேபிளால் டிவியில் செருகினால் படம் நன்றாக வருகிறதென்றால் போர்டு நல்லது.

ஹார்டு டிஸ்கும் வெள்ளமும் பாக்கி இருக்கின்றன, கொடுத்த நேரம் முடியப்போகிறது. டிஸ்கில் டக் டக் என்று சத்தம் வந்தால் ஃபார்மட் செய்யாதீர்கள், ரிப்பேர் புரோகிராம் ஓட்டாதீர்கள். முதலில் போட்டோக்களையும் சான்றிதழ்களையும் வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதை அடுத்துத் தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படி நனைந்த லேப்டாப்பை வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்ப்பதுதான் அதைக் கொல்கிறது. ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் செம்புத் தடங்கள் சில மணி நேரத்திலேயே பச்சைப் பிடித்து அரிக்கத் தொடங்கும். பேட்டரியை உடனே கழற்றுங்கள். அரிசி மூட்டையில் புதைத்துப் பயனில்லை. ஈரம் ஓரளவு போனாலும் சேறும் உப்பும் அப்படியே உள்ளே இருக்கும். ஹார்டு டிஸ்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, போர்டை மட்டும், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே அந்த டிஸ்டில்டு வாட்டரில் அலசி, ஆல்கஹாலில் துடைத்து, இரண்டு மூன்று நாள் விசிறிக் காற்றில் காயவையுங்கள். வெயிலில் வேண்டாம். ஹார்டு டிஸ்கை அலசக் கூடாது, அதில் காற்றுத் துளை ஒன்று இருக்கிறது. தண்ணீரில் மூழ்கிய டிஸ்குக்கு மின்சாரமே கொடுக்காமல் டேட்டா மீட்கிறவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.